கப்பலுக்குப் பின்னால் வந்த சைக்கிள்கள்

ஒரு தாய் தன் பிள்ளையைச் சைக்கிளில் உட்கார வைத்துக்கொண்டு கம்பெனி கேட்டுக்கு வந்து நிற்கிறாள். சாலை மோசம். லாரிகள் அதிகம். சைக்கிளோ வீட்டிலேயே வெட்டி ஒட்டிச் செய்தது. உள்ளே விடலாமா, கூடாதா? வேலையில் இருந்தபோது இந்தக் கேள்விக்கு ஒரு முறை நான் பதில் சொல்லியிருக்கிறேன். அது சரியான பதில்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

புதிதாகச் சேர்ந்திருக்கும் வெல்ஃபேர் ஆபீசர்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் அக்கா என்று நம் குழுவில் கேட்டார்கள். ஓய்வு பெற்றவர்கள் எழுதும் பகுதியாம். எனக்கு அந்த வயதில்லை. இரண்டாவது பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டவள், அவ்வளவுதான். ஆனால் பனியன் தொழிலில் இரண்டு சீசன் கம்பெனிப் பக்கம் போகாமல் இருந்தால் போதும், நம்மைப் பழைய ஆட்கள் வரிசையில் சேர்த்துவிடுவார்கள். அதனால் நானும் ஓய்வு பெற்றவள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடிட்டுக்கு எந்தக் காகிதத்தை எங்கே வைப்பது, தீயணைப்புப் பயிற்சியை எப்படி நடத்துவது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் சைக்கிள் ஸ்டாண்டைப் பற்றி எழுதுகிறேன். வெல்ஃபேர் வேலையில் நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அங்கேதான்.

எங்கள் கம்பெனி பெருமாநல்லூர் சாலையில் இருந்தது. காலையில் ஸ்டாண்டில் போய் நின்றால், வருகிறவர் எந்த ஊர், என்ன வேலை என்பதைச் சைக்கிளைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள்கள். தெற்குச் சீமையிலிருந்து அக்கா தங்கைகளோடு அவையும் ரயிலேறி வந்திருக்கும். துணி பின்னும் நிட்டிங் யூனிட்டிலிருந்து துணி ரோல் ஏற்றும் அண்ணன்களின் சைக்கிள்களில் கேரியரை அகலப்படுத்தி, இரண்டு பக்கமும் இரும்புக் கால் வைத்து வெல்டிங் செய்திருப்பார்கள். ரோலை ஏற்றிவிட்டால் ஓட்டுகிறவர் தெரியமாட்டார், துணி மட்டும் தானாக ஊருக்குள் போவது போல இருக்கும். பீகார், ஒடிசா பையன்கள் கழிவு நூலைக் கலர் கலராக ஸ்போக்கில் சுற்றி, ஹேண்டில் நுனியில் எலாஸ்டிக் துண்டுகளைக் குஞ்சமாகக் கட்டியிருப்பார்கள். சக்கரம் சுற்றும்போது ஐந்தாறு நிறங்கள் கலந்து ஒரே நிறமாகிவிடும். அது என்ன நிறம் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

சீட் உறைகளை மறக்கவே முடியாது. கழுத்துப்பட்டைக்கு வரும் ரிப் துணியில் மிச்சம் விழுந்ததைத் தைத்துப் போட்டிருப்பார்கள். இழுத்து மாட்டினால் சீட்டைக் கச்சிதமாகப் பிடித்துக்கொள்ளும். மழையில் நனைந்தாலும் மதியத்துக்குள் காய்ந்துவிடும். வெளிநாட்டில் யாரோ கழுத்தில் போடுவதன் மேல் நாங்கள் உட்கார்ந்து போனோம் என்று சிரித்துக்கொள்வோம்.

பெண்கள் ஓட்டும் விதமே தனி. துப்பட்டாவை முதுகுக்குப் பின்னால் முடிந்து, டிபன் பையை ஹேண்டிலின் இடப்பக்கம் மாட்டி, பேசிக்கொண்டே வருவார்கள். எங்கள் இரண்டாம் லைன் டெய்லர்கள் மட்டும் ஒற்றை வரிசையாக வருவார்கள். அந்த வரிசைக்கு ஒரு சட்டம் உண்டு. யார் மெதுவாக ஓட்டுகிறாரோ அவர்தான் முன்னால் போக வேண்டும்.

அந்தச் சட்டத்தைப் போட்டவர் சாந்தாமணி அக்கா. லைன் சூப்பர்வைசர், உள்ளூர்க்காரர். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"லைன்ல எப்பிடிங்க மேடம்? முன்னால இருக்கறவ மடமடன்னு தெச்சுத் தள்ளுனா நடுவுல பீஸ் குமிஞ்சு போகுமுங்க. ரோட்டுலயும் அதேதானுங்க. வேகமா வர்றவளை முன்னால உட்டா அவ போயிருவா. கடைசில வர்றவ தனியா நிப்பா. மெதுவா வர்றவளை முன்னால உட்டா யாரும் தனியா நிக்கமாட்டாங்க."

"அப்ப வேகமா ஓட்டுறவங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?"

"இருக்குமுங்க. திட்டிட்டே வருவாளுங்க. திட்டிட்டே வந்தா தூக்கம் வராதுங்க."

பாக்கியம் வந்து சேர்ந்த பிறகு அந்த முதல் இடம் அவளுக்கு நிரந்தரமாகிவிட்டது.

பாக்கியம் தூத்துக்குடிப் பக்கம். துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். கணவர் பக்கத்து ஊரான நெருப்பெரிச்சலில் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். அவர்களுக்கு ஜெனி என்று ஒரே பெண். நடக்க ஆரம்பித்து ஓட ஆரம்பித்திருந்த வயது. எங்கள் கம்பெனியில் கிரெச் இருந்தது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நல்ல ஆயா ஒருவர் இருந்தார். பாக்கியம் எங்களிடம் சேர்ந்ததே அதற்காகத்தான். ஆனால் கம்பெனி வேனில் தொழிலாளர்களைத் தவிர யாரையும் ஏற்றக்கூடாது என்று விதி. பிள்ளையை எப்படிக் கொண்டுவருவது?

அவள் கணவர் யோசித்திருக்கிறார். தன் பள்ளிக்கூடச் சைக்கிளை நடுவில் அறுத்து நீட்டி, முன் சக்கரத்தை எடுத்துவிட்டுச் சின்னப் பிள்ளைகள் சைக்கிளின் சக்கரத்தைத் தூரத்தில் மாட்டி, ஹேண்டிலுக்கும் அந்தச் சக்கரத்துக்கும் நடுவில் கட்டிங் பீஸ் போடும் நீல நிறப் பிளாஸ்டிக் டப்பாவைத் தாழ்வாகப் பொருத்திவிட்டார். ஹேண்டிலைத் திருப்பினால் டப்பாவுக்கு அடியில் ஓடும் நீளமான கம்பி போய் முன் சக்கரத்தைத் திருப்பும். டப்பாவுக்குள் ஸ்பாஞ்ச், வெயிலுக்கு ஒரு குடை, பிள்ளையின் இடுப்பைச் சுற்றிக் கட்ட ரிப் துணியில் ஒரு பட்டை. ஜெனி அதில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டு வருவாள்.

முதல் நாள் கேட்டில் வாட்ச்மேன் தாத்தா எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏம்மா, இதென்ன சைக்கிளா, கப்பலா?"

"எங்க ஊர்ல எல்லாம் கப்பல்தான் தாத்தா. நீங்க பாத்தது இல்லையோ?"

அன்றிலிருந்து அதற்குக் கப்பல் என்றே பெயர். திருப்புவதற்கு நிறைய இடம் வேண்டும், அதனால் பாக்கியம் மெதுவாகத்தான் ஓட்டுவாள். அவளுக்குப் பின்னால் இரண்டாம் லைன் முழுவதும் மணியடித்துக்கொண்டு, கேலி பேசிக்கொண்டு வரும். "ஏ கேப்டன், காத்து எந்தப் பக்கம் அடிக்குது?" "ஒன் வாய்ப் பக்கம்தான்டி அடிக்குது, மூடு." காலையில் அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் எனக்கு நாள் தொடங்கியது போலிருக்கும். இப்போதும் வீட்டில் குக்கர் வைத்துவிட்டு நிற்கும்போது எங்கேயோ ஒரு சைக்கிள் மணி கேட்டால் ஜன்னலுக்குப் போய்விடுகிறேன்.

மதிய இடைவேளையில் ஒரு நாள் கப்பலை நானே ஸ்டாண்டுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நேராகப் போனால் ஒரு ஆட்டமும் இல்லை. திருப்பினால் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பும். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பிடிக்கவில்லை. என் மகள் அப்போது கைக்குழந்தை. அவளை அந்த டப்பாவில் உட்கார வைத்து ஓட்டுவேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் சொல்லாமல் இறங்கிவிட்டேன்.

மார்கழியில் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர், சத்தம் போட்டுப் பேசமாட்டார்.

"ஏனுங்க மேடம், ஆர்டர் குடுக்கற பையர் ஆபீஸ்ல இருந்து விசிட் வர்றாங்களாமா. எப்பன்னு சொல்லல. அந்தக் கப்பல் நம்ம கேட்டுக்குள்ள வர்றதைப் பாத்தாங்கன்னா என்னங்க சொல்றது?"

"சார், அந்தப் பொண்ணு வேன்ல வந்தா குழந்தையை எங்கே விடும்?"

"அது எனக்கும் தெரியுதுங்க. ஆனா வழியில ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?"

பாக்கியத்திடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். அவள் சுற்றி வளைக்கவில்லை. "கப்பலு இல்லன்னா பிள்ளைய ஊருக்கு அனுப்பணும் மேடம். மாமியாரு வீட்டுல விடணும். வேற வழியில்ல. அவ இல்லாம நான் இங்க இருந்து என்ன செய்ய?"

மேனேஜரிடம் கொஞ்சம் அவகாசம் கேட்டேன். சைக்கிளில் வருகிறவர்கள் எல்லாரையும் பாதுகாப்பாக வரவைத்துக் காட்டுகிறேன், கப்பலையும் சேர்த்து என்றேன். மார்கழிப் பனியில் காலையில் பத்தடிக்கு மேல் ஆள் தெரியாது. சாயங்காலம் சீக்கிரம் இருட்டிவிடும். லாரிக்காரர் கண்ணில் பட்டால் பாதிக் கவலை தீர்ந்தது என்று நினைத்தேன். கண்ணில் படுகிற மாதிரி ஒரு துணி வேண்டும். அது எங்கள் கம்பெனியிலேயே மூட்டை மூட்டையாகக் கிடந்தது.

பளிச்சென்று கண்ணைப் பறிக்கும் மஞ்சள் டி ஷர்ட்கள். முன்னால் போட்ட பிரிண்ட் கொஞ்சம் கோணலாக விழுந்ததால் ரிஜெக்ட் ஆனவை. ஸ்டோர் கீப்பர் அண்ணனிடம் போய்க் கேட்டேன்.

"வெட்டாம ஒரு பீஸ் வெளிய போகக்கூடாதுங்க மேடம். உங்களுக்குத் தெரியாததா?"

"வெளியே விக்கவா போறோம் அண்ணா? போட்டுட்டுப் போறாங்க, போட்டுட்டு வர்றாங்க. லேபிளை எடுத்துடலாம். பிரிண்ட் தெரியாம உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி போட்டுக்கச் சொல்றேன்."

அவர் மூட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "மேடம் சொன்னாச் சரிதானுங்க" என்றார். அந்த வாக்கியத்தை உங்களிடம் யாராவது சொன்னால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். தனக்குச் சரியென்று படாததை நம் தலையில் வைத்துவிட்டு நகர்கிறார் என்று அர்த்தம்.

முதல் இரண்டொரு நாள் எல்லாரும் நான் சொன்னபடி புரட்டிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அடுத்த நாளே விசிட் வந்துவிட்டது.

அன்று காலை கேட்டருகே நின்றிருந்தேன். பனிக்குள்ளிருந்து முதலில் மஞ்சளாக ஒரு புள்ளி தெரிந்தது. பிறகு இன்னொன்று. வளைவு திரும்பியதும் முழு வரிசையும் தெரிந்தது. முன்னால் நீல டப்பாவில் ஜெனி, அவளுக்கும் ஒரு டி ஷர்ட்டை மடித்துத் தைத்துப் போட்டுவிட்டிருந்தார்கள். பின்னால் மணிச் சத்தமும் பேச்சுமாக ஒரு மஞ்சள் ஊர்வலம். இதை நான் செய்தேன் என்று நினைத்தபோது மனசு நிறைந்துபோயிற்று. அப்புறம்தான் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. வரிசையின் முடிவில், முந்த வழியில்லாமல் மெல்ல ஊர்ந்து வந்த வெள்ளை நிறக் கார். இன்னொன்று, எல்லார் நெஞ்சிலும் பளபளத்த அந்தப் பிரிண்ட்.

காரிலிருந்து இறங்கிய பெண்மணி பையரின் பெங்களூர் அலுவலகத்தைச் சேர்ந்தவர். தமிழ் நன்றாகவே பேசினார்.

"நெருப்பெரிச்சல்ல இருந்து இதைப் பார்த்துட்டேதான் வர்றேன். இது எங்க அடுத்த சம்மர் பிரிண்ட். கடைக்கே இன்னும் வரல. உங்க ரோட்டுக்கு வந்துடுச்சே?"

நான் சாந்தாமணி அக்காவைப் பார்த்தேன். "புரட்டிப் போடச் சொன்னேனே அக்கா!"

"உள்தையல் குத்துதுங்க மேடம். அதுவுமில்லாம தெக்கறவளே உள்ளே வெளியே தெரியாமப் போட்டுட்டுப் போனா பாக்கறவன் என்ன சொல்லுவான்? மானம் போயிருமுங்க."

சரியாகத்தான் சொன்னார். துணி தைத்துப் பிழைக்கிற ஊரில், தைப்பவர்களிடம் போய்த் துணியைப் புரட்டிப் போடச் சொன்னது நான். வந்த பெண்மணியின் உதட்டில் சிரிப்பு வந்து போனது. ஆனால் மேனேஜரின் பார்வை ஸ்டோர் கீப்பர் அண்ணன் மேல் போய் நின்றுவிட்டது. அண்ணன் முகம் வெளுத்துவிட்டது.

"நான்தான் மேடம் கொடுக்கச் சொன்னேன்" என்றேன். "இருட்டுல ரோட்டுல தெரியணும்னு. அவர் வேண்டாம்னுதான் சொன்னார்."

அந்தப் பெண்மணி என் பக்கம் திரும்பினார். "எல்லாத்தையும் வாங்கி என் முன்னாடி வெட்டிடுங்க. இதை நான் பெரிசு பண்ணல" என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் நகரவில்லை. கப்பலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். ஜெனி அவருக்கும் கையாட்டினாள்.

"இது தினமும் வருதா?"

"கிரெச்சுக்கு வருது மேடம்."

"இந்தக் கம்பெனில இதுக்கெல்லாம் பொறுப்பு நீங்கதானே? இது சேஃபா? நீங்க என்ன சொல்றீங்களோ அதைத்தான் எழுதிக்குவேன்."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பாக்கியமும் பார்த்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை. லேசாகச் சிரித்தபடி, மேடம் இருக்காங்க என்ற தைரியத்தோடு நின்றிருந்தாள். நான் ஓட்டிப் பார்த்ததும் அவளுக்குத் தெரியும், மேனேஜரிடம் அவளுக்காகப் பேசியதும் தெரியும். எனக்கு அந்தத் திருப்பம் நினைவுக்கு வந்தது. யோசித்துவிட்டுத் திரும்பும் சக்கரம். வீட்டில் என் அம்மாவின் மடியில் இருக்கும் என் பிள்ளை நினைவுக்கு வந்தாள்.

"இல்லை" என்றேன்.

பாக்கியம் குனிந்து பட்டையை அவிழ்த்தாள். ஜெனியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கிரெச்சுக்கு நடந்தாள். கப்பல் ஸ்டாண்ட் போடாமல் சுவரில் சாய்ந்து நின்றது. சாந்தாமணி அக்காதான் போய் அதை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த 'இல்லை' உண்மைதான். அந்தச் சைக்கிளைப் பாதுகாப்பானது என்று என்னால் சொல்லியிருக்க முடியாது. ஆனால் உண்மை என்பதால்தான் சொன்னேனா? ஒரு தப்பில் மாட்டி அப்போதுதான் தப்பித்திருந்தேன். இன்னொரு தப்புக்கு இடம் கொடுக்கக் கூடாது என்ற பதற்றத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டதா? எத்தனையோ முறை யோசித்தும் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் தவறு ஒன்று எல்லார் முன்னாலும் வெளியே வந்த அடுத்த நிமிடத்தில் இன்னொரு கேள்வி வந்தால், உடனே பதில் சொல்லாதீர்கள். மதியம் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். அவர் மறுத்திருக்கமாட்டார். ஒரு டீ குடித்துவிட்டு, பாக்கியத்தையும் சாந்தாமணி அக்காவையும் உட்கார வைத்துப் பேசியிருந்தால், பிரேக்கை மாற்றலாம், வேறு பாதை பார்க்கலாம், அகலமாக ஒரு பின் சீட் போடலாம் என்று ஏதாவது தோன்றியிருக்கும். ஆம், இல்லை என்ற இரண்டைத் தவிர மூன்றாவது பதில் ஒன்று இருக்கும் என்றே அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

டி ஷர்ட்களை அன்றே கட்டிங் பிரிவில் வெட்டினார்கள். பாக்கியம் தன்னுடையதைத் துவைத்து மடித்ததுபோல நேர்த்தியாக மடித்துக் கொடுத்தாள். ஜெனியுடையதையும்.

நான் சும்மா இருக்கவில்லை. மேனேஜரிடம் மன்றாடி, ஜெனியை மட்டும் கிரெச் ஆயாவோடு வேனில் ஏற்ற அனுமதி வாங்கினேன். அந்த வழியில் வரும் வேன் அப்போது நிரம்பியிருந்ததால் பாக்கியத்துக்கு அதில் இடமில்லை, அவள் வழக்கம்போல சைக்கிளில் வரலாம். இது நல்ல ஏற்பாடு என்று நினைத்தேன். சில நாளிலேயே வேன் டிரைவர் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"மேடம், எனக்கு இந்த டூட்டி வேண்டாமுங்க."

"ஏங்க, என்னாச்சு?"

"புள்ள பின்னாடிக் கண்ணாடியில ஒட்டிட்டு அம்மா அம்மான்னு அழுகுதுங்க. அந்தப் பொண்ணு அதைப் பாத்துட்டே வண்டியைத் தொரத்திட்டு வருதுங்க. லாரி வருதா, பஸ்சு வருதான்னு ஒண்ணும் பாக்கறதில்லீங்க. நான் மெதுவாப் போனா அதுவும் கிட்ட வருது. வேகமாப் போனா அதுவும் வேகமா வருது. ஏதாவது ஆயிப்போனா யாருங்க பொறுப்பு?"

பிள்ளையோடு ஆமை வேகத்தில் வந்தவளை நான் லாரிகளுக்கு நடுவே துரத்த வைத்திருந்தேன். அந்த ஏற்பாட்டை அன்றே நிறுத்தச் சொன்னேன். அடுத்த வாரம் பாக்கியம் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

"புள்ளையை ஊருக்கு அனுப்பீட்டாளாமுங்க" என்றார் சாந்தாமணி அக்கா. என்னைக் குறை சொல்லவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை, கையிலிருந்த பீஸில் நூல் பிசிறை வெட்டிக்கொண்டே சொன்னார்.

வரிசையும் மெல்லக் கலைந்தது. முன்னால் மெதுவாகப் போக ஆள் இல்லாததால் வேகமாக ஓட்டுகிறவர்கள் வேகமாகப் போனார்கள். கடைசியில் வந்தவர்கள் கம்பெனி புதிதாக விட்ட இன்னொரு வேனுக்கு மாறினார்கள். சிலர் ஸ்கூட்டி வாங்கினார்கள். ஸ்டாண்டில் நிழல் இருந்த பக்கத்தைச் சைக்கிள்கள் ஸ்கூட்டிகளுக்கு விட்டுக்கொடுத்தன.

பாக்கியத்தை மறுபடி பார்த்தது நான் வேலையை விட்ட பிறகு. பெருமாநல்லூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காய்கறிக் கடை முன்னால். என் பெரிய மகளோடு ஸ்கூட்டியில் போயிருந்தேன். மூலனூர் முருங்கைக்காய் வந்திருந்தது, பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் மணிச் சத்தம்.

"மேடம்! எங்கள அடையாளம் தெரியுதா?"

கப்பல்தான். நீல டப்பா வெளுத்துப் போயிருந்தது. அதில் இப்போது காய்கறிப் பை. பின் கேரியரில் இரண்டு பக்கமும் கால் போட்டு, பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு பெண்.

"ஜெனி... ஊர்ல இல்லையா?"

"அனுப்புனோம் மேடம். ஈஸ்டர் வரைக்கும் கூடத் தாங்கல. ஒரு நாள் போன்ல பேசிட்டு இருக்கேன், என்னைய 'அக்கா'ங்கா. எங்க மாமியாரத்தான் அம்மான்னு கூப்பிடுதா. அன்னைக்கே எங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னேன், நான் போயி கூட்டிட்டு வாரேன்னு. மறுநாளு ரயிலேறிட்டேன்." சொல்லிவிட்டு ஜெனியின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். "இப்பம் வாயத் தொறந்தா மூட மாட்டேங்கா. அப்பமே விட்டுட்டு வந்திருக்கலாம்."

"எங்க வேலை பாக்குற?"

"நெருப்பெரிச்சல்ல ஒரு சின்ன யூனிட்டு மேடம். கிரெச்செல்லாம் இல்ல. மெஷினுக்கு அடியிலேயேதான் கெடந்தா. ஆனா கேட்டுல யாரும் சைக்கிளப் பத்திக் கேக்க மாட்டாக."

கேட்கவே பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். "என் மேல கோபமா பாக்கியம்?"

"ச்சே, என்ன மேடம். நீங்க ஒங்க வேலையப் பாத்தீங்க. தப்பா ஒண்ணும் சொல்லலியே. ஆனா ஒண்ணு." சிரித்தாள், பழைய சிரிப்புத்தான். "முந்தியெல்லாம் லாரி வந்தா லாரி வருதுன்னு மட்டுந்தான் தெரியும். ஓரமா ஒதுங்குவேன், போயிரும். இப்பம் லாரிச் சத்தம் கேட்டாலே அன்னைக்கு நீங்க 'இல்ல'ன்னு சொன்ன மொகம் வந்து நிக்கி. ஹேண்டிலு லேசா ஆடுது. பயமே தெரியாம ஓட்டிக்கிட்டு இருந்தேன்லா."

ஜெனி பின்னாலிருந்து, "அம்மா, போவோம்மா" என்றாள். போனார்கள். கேரியரில் இருந்த பிள்ளை திரும்பிக் கையாட்டினாள். யாருக்கு என்று தெரியவில்லை, என் மகள் பதிலுக்கு ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்து வெகு நேரம் முருங்கைக்காயை நறுக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவருடைய பாதுகாப்புக்காக நாம் சொல்லும் ஒரு வார்த்தை, அவருடைய கையையே ஆட்டிவிடும் என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சாலையில் லாரி இருப்பது உண்மை. நான் அவளிடமிருந்து லாரியை எடுக்கவில்லை. என் பயத்தை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டேன். அது அவளிடமே இருக்கிறது, இன்னும் நெருப்பெரிச்சல் சாலையில் அதையும் ஏற்றிக்கொண்டுதான் ஓட்டுகிறாள்.

அதற்காக நாளை உங்கள் கேட்டில் ஒரு கப்பல் வந்து நின்றால் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே விடுங்கள் என்று நான் சொல்வேனா? சொல்லமாட்டேன். எனக்குத் தைரியமில்லை. மறுபடி அந்த இடத்தில் நின்றாலும் ஒருவேளை இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் வேறு விதமாகச் சொல்ல முடியும் என்றாவது நம்ப வேண்டும் போலிருக்கிறது.

பெரியவள் இப்போது சைக்கிள் கற்றுக்கொள்கிறாள். இரண்டு பக்கமும் இருந்த குட்டிச் சக்கரங்களைப் போன வாரம் அவள் அப்பா கழற்றிவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு முன்னால் இருக்கும் காலி மனையில் சீட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நானும் ஓடுகிறேன். கையை எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எனக்கே தெரிகிறது. எடுக்கும்போது வாயிலிருந்து "பாத்து கண்ணு, பாத்து" என்று வந்துவிடுகிறது. நேராகப் போய்க்கொண்டிருப்பவள் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் திரும்பி என் முகத்தைப் பார்க்கிறாள். விழுகிறாள். நேற்றும் அப்படித்தான் விழுந்தாள். அவள் அப்பா, பேசாமல் கையை எடு என்கிறார். பேசாமல் எடுத்தால் கைவிட்ட மாதிரி இருக்கிறது.

உங்களில் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவர்கள் இருப்பீர்கள். தினமும் கேட்டில் நின்று ஆட்களை வழியனுப்புகிறவர்களும் இருக்கிறீர்கள். சீட்டிலிருந்து கையை எடுக்கிற அந்த நொடியில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? திரும்பிப் பார்க்க வைக்காமல், முன்னால் பார்த்தபடியே போக வைக்கிற வார்த்தை ஏதாவது இருந்தால் குழுவில் எழுதுங்கள். மழைக்காலம் தொடங்குவதற்குள் அவளை ஓட்ட வைத்துவிட வேண்டும்.